டேப்போடு வந்தவர்களும் நான் போட்ட பூட்டும்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கையில் டேப்போடு தெருவுக்குள் நுழைகிற எவரும் வீட்டு வரியை ஏற்றத்தான் வருகிறார்... இது என் ஐம்பத்திரண்டு வருட நம்பிக்கை. தையல்காரர் என் இடுப்பை அளக்கும்போதுகூட வரி ரசீதுதான் ஞாபகம் வரும்.

பயத்துக்குக் காரணம் எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. தகர ஷீட் போட்ட ஒரு கூடம், அதில் நான்கு தையல் மெஷின். என் மனைவி ரோஸியும் தெருப் பெண்கள் மூன்று பேரும் ஷூ கம்பெனிக்கு அப்பர் தைக்கிறார்கள். ஷூவின் மேல்பாகத்துக்குத்தான் அப்பர் என்று பெயர். எங்கள் பக்கம் பாதித் தெருக்கள் இப்படித்தான் — வாசலில் கோலம், மாடியில் கம்பெனி. நகராட்சிப் பதிவிலோ எங்களுடையது சாதுவான தரைத்தள வீடு. மாடி என்கிற பேச்சே அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் கிடையாது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஹாலுக்கு வரும். போன மழையில், கீழ் அறையில் வைத்திருந்த இரண்டு மூட்டை அப்பர் ஊறிப் போனது. கம்பெனிக்காரர் பிரித்துப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு பெண்களின் ஒரு மாத உழைப்பு.

ரோஸி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வாரா வாரம் பத்திரிகையில ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுறீங்களே... நம்ம தெருவுக்கு ஒரு கால்வா கேட்டு மனு எழுதினா கை தேய்ஞ்சிடுமா?" என்றாள்.

எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. நகராட்சி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த கையோடு மறந்தும் போனேன்.

சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன் — தெருமுனையில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் ஒருவர், கையில் டேப். நீளமான டேப்!

எதிர்வீட்டு நசீர் பாய் தன் மாடியிலிருந்து கையாட்டினார். அவர் வீட்டு மாடியில் கிளவுஸ், அதாவது தோல் கையுறை, தைக்கிற வேலை.

"தோஸ்த்! ஷீட் போட்ட மாடியெல்லாம் கமர்ஷியலாம்! வாணியம்பாடில என் மச்சானுக்கு வரி ஜாஸ்தி பண்ணிட்டாங்க!"

"எவ்ளோ ஜாஸ்தி பாய்?"

"அத சொல்லல. ஆனா ரெண்டு நாளா சாப்பிடலயாம்!"

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"மெஷின நிறுத்து!" என்று கத்தினேன்.

"இன்னாங்க ஆச்சு? பாம்பு கீது வந்துச்சா?" என்றாள் ரோஸி.

"பாம்புன்னா அடிச்சிடலாம். முனிசிபாலிட்டி வந்திருக்கு!"

அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் காட்டிய தலைமைப் பண்பை வாழ்க்கையில் வேறெங்கும் காட்டியதில்லை. வாசலுக்கு வெளிப்பக்கம் பூட்டைப் போட்டேன். சந்து வழியாகச் சுற்றி வந்து, பின்சுவர் ஏறிக் குதித்தேன். லுங்கி சுவரிலேயே தங்கிவிட்டது. ஜன்னல் வழியே நசீர் பாய்க்கு ஜாடை காட்டினேன். அவரும் பூட்டினார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு... தெருக்கோடி வரை பூட்டு.

பூட்டாதவை முதல் நான்கு வீடுகள்தான். அங்கே மெஷினும் இல்லை, மடியில் கனமும் இல்லை. நான்காவது வீடு மேரி அக்காவுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பவர். ஜன்னலில் வாயை வைத்துக் கெஞ்சினேன்.

"அக்கா... யாராவது கேட்டா, இதுக்கு அப்பால யாரும் குடியில்லன்னு சொல்லிடுங்க."

"இன்னாடா தம்பி, என்னைப் பொய் சொல்ல வைக்கிற? ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கிறது?"

"ரோஸி பொழப்புக்கா..."

அதைக் கேட்டதும் இளகிவிட்டார். அந்தப் பெண் வந்து கேட்டபோது, "அதுக்கு அப்பால எல்லாம் பூட்டித்தாம்மா கெடக்கு" என்று மட்டும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை.

உள்ளே நான்கு பெண்களும் நானும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே டேப் சுருட்டும் சத்தம். காலடி. பிறகு அமைதி.

"போய்ட்டாங்க" என்றேன், போரில் ஜெயித்தவன் மாதிரி. தெரு முழுவதும் டீ போட்டுக் கொண்டாடினோம். நசீர் பாய் வீட்டிலிருந்து சமோசா வந்தது.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் பக்கத்துத் தெருவில் ஜேசிபி இறங்கியது. அவர்களுக்குக் கால்வாயாம்! எனக்கு வந்ததே கோபம். மனு எழுதியது நான், கால்வாய் அவர்களுக்கா? நேரே நகராட்சி ஆபீசுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அதே பெண், அதே அடையாள அட்டை. என்ஜினீயராம்.

"மனு எழுதினது நீங்கதானா? நல்லா எழுதியிருந்தீங்க சார். அதப் பார்த்துட்டுத்தான் அளக்க வந்தோம். ஆனா நாலு வீட்டுக்கு அப்பால ஆளே இல்லையே! இருக்கிற பணத்துக்கு ஜனம் இருக்கிற இடத்துக்குத்தான முதல்ல போட முடியும்?"

என் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அப்ப... அது வரி டேப் இல்லையா?"

"எந்த டேப் சார்?"

பேச்சை மாற்றுவதற்காக, கால்வாய்க்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. நாம் கட்டுகிற வீட்டு வரி தெருவிளக்கு, குப்பை, சம்பளம் இவற்றுக்கே பத்தாதாம். கால்வாய் மாதிரிப் பெரிய வேலைக்கு மேலிருந்து மானியம் வர வேண்டுமாம். நான் பிஸ்கட் வாங்கும்போது கட்டிய வரி டெல்லி போய், அங்கிருந்து சென்னை வந்து, சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறதாம். ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு இவ்வளவு பயணமா? சரி, வருகிறதே என்று பார்த்தால், உள்ளூரில் வீட்டு வரி ஒழுங்காக வசூலானால்தான் மேலே இருப்பவர்கள் மானியம் கொடுப்பார்களாம்.

"அப்ப நான் மாடிக்கு வரி கட்டினாத்தான் எனக்குக் கால்வாயா?"

"அப்படியும் சொல்ல முடியாது சார். அப்படி இல்லன்னும் சொல்ல முடியாது."

தலை சுற்றியது. நான் ஒளித்தது என் பணத்தை. அதனால் வராமல் போனது என் கால்வாய். நடுவில் பிஸ்கட் வேறு. நான் யாரை ஏமாற்றினேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன். இன்றுவரை பிடிபடவில்லை.

ரோஸியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"உங்க மனுவுக்கு வந்த ஆளுங்கள நீங்களே பூட்டு போட்டு அனுப்பிட்டீங்க. நல்ல வேளை, அப்பர் தைக்கிற வேலைய உங்க கிட்ட குடுக்கல" என்றாள்.

மறுநாள் நானே போய் மாடிக் கூடத்தைப் பதிவு செய்தேன். வரி ஏறியது. நசீர் பாயின் மச்சான் போல இரண்டு நாள் பட்டினி கிடக்கிற அளவுக்கு இல்லை. ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். பூட்டின வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இரண்டாவது மனுவும் கொடுத்தோம். அடுத்த மானியம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

போன வாரம் எங்கள் தெருவிலும் ஜேசிபி வந்தது. மூன்று நாளில் வேலை முடிந்தது. அன்று டேப் அளந்த கணக்குப்படியே, கால்வாய் மேரி அக்கா வீட்டு வாசலோடு நிற்கிறது. அடுத்த வீடு எங்களுடையது.