துரை கரண்டிக்குப் போட்ட பாலிஷ்

சேலத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு கொலுசுப் பட்டறை. கறுத்த வெள்ளியோடு கடைவீதிக்குப் போவது, தலை வாராமல் கல்யாணத்துக்குப் போவதுபோல. பாலிஷ் போடாத சாமானை நீட்டினால் கடைக்காரர் நம் குடும்பத்தையே எடை போட்டுவிடுவார் என்பார் அம்மா. ஒன்பது வயதில் எனக்கிருந்த உலக ஞானம் அவ்வளவுதான்.

அப்பாவின் தங்கையான அத்தை, கணவர் இறந்தபின் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே ஒரு வெள்ளிக் கரண்டியும் வந்தது. அந்த மாமா கொஞ்சம் அளந்துவிடுகிற ஆள். தன் பாட்டனார் ஏற்காட்டில் ஒரு துரைக்குச் சமையல்காரராம். துரை கப்பலேறும்போது கையில் கொடுத்துவிட்டுப் போன கரண்டியாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அவர் போன பிறகும் அப்பா விடவில்லை. "அந்தத் துரை கரண்டிய எடும்மா, ரசம் ஊத்திக்கலாம்" என்பார். அத்தை வேறு கரண்டியை எடுத்து நீட்டுவார்.

கரண்டியின் பின்பக்கம் மிருகம்போல ஒன்றும் இரண்டு மூன்று எழுத்துகளும் தேய்ந்து கிடந்தன. கடைவீதியில் பழைய வெள்ளி வாங்குகிற ஒருவர், அந்த முத்திரைகளை வைத்தே செய்தவர் யார், எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார் எனக் கேள்விப்பட்டு அத்தை கிளம்பத் தயாரானார். "அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா அப்பறம் ஆரும் சிரிக்கமாட்டாங்க சாமி" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கிளம்புவதற்கு முதல்நாள், அத்தைக்குத் தெரியாமல் கரண்டியை எதிர்ப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பாலிஷ் மிஷினில் இருந்த அண்ணன் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி என்னமோ கறுப்பா இருக்குதே பாப்பா, அதையும் எடுத்தறட்டுமா?"

"ஆமாங்கண்ணா, சுத்தமா எடுத்துருங்க."

கண்ணாடிபோல் வந்தது. பழைய துணியிலேயே சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் என்னையும் கூட்டிப்போன அத்தை, கடையில்தான் துணியைப் பிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்து அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"வெள்ளிதானுங்க அம்மிணி. ஆனா முத்திரையெல்லாம் பாலிஷ்ல போயிருச்சு. செஞ்சது ஆரு, எந்தக் காலம்னு இனி ஒருத்தரும் சொல்லமுடியாதுங்க. ஏனுங்க, ஆரு இப்படித் தேச்சது?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நாந்தானுங்க, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பட்டறையில் கால்கடுக்க நின்றது நான், பெயர் அத்தைக்கா? பஸ்ஸில் வழிநெடுக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தையும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததால் என் கோபம் அவருக்கு உறைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

சாயங்காலம், "துரை என்ன சொன்னாரு?" என்று அப்பா கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"பாலிஷ் போட்டது நானுங்கப்பா. அத்தை, நாந்தான் போட்டேன்னு கடைக்காரருகிட்டப் பொய் சொல்லிட்டாங்க. மாமா மாதிரியே."

வீடே சிரித்தது. அத்தையும் சிரித்தார். அவருக்கு என்மேல் வருத்தமில்லை என்று எண்ணிக்கொண்டு, நான் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.