பொட்டு வைத்த கேமரா

சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தங்கதுரையின் காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. நடுக்கடை பாரதியுடைய லேடீஸ் டெய்லர் கடை. அதை ஒட்டிய ஜெராக்ஸ் கடை என்னுடையது. என் பேர் அமிர்தம். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் அவளைப் பற்றி எவனெவனோ பேசியதைவிட நான் பேசினால் கொஞ்சமாவது நியாயம் இருக்கும்.

பாரதி கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவள். புருஷன் லாரியில் ஏறினால் மகாராஷ்டிரா, குஜராத் என்று சுற்றிவிட்டுத்தான் திரும்புவான். கடையை அவளே வைத்தாள், அவளே நடத்தினாள். எந்நேரமும் வாயில் நாலு குண்டூசி இருக்கும், அதோடேயே பேசுவாள். ஊசியை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டாள் என்றால் அடுத்து வருவது வசவு என்று அர்த்தம். அவள் கடையில் ஆம்பளை எவனும் கவுண்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே யாராவது அளவு கொடுத்துக்கொண்டிருந்தால் கட்டின புருஷனே வந்தாலும் படியில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவள் கடையில்தான் இந்த அநியாயம் நடந்தது.

போன வருஷம் தைக்கக் கொடுத்த பட்டுப்புடவை ஒன்று கடையிலிருந்து காணாமல் போனது. பாரதி பயந்துபோய் சிவசங்கரைக் கூப்பிட்டாள். இந்தப் பக்கத்தில் பாதிக் கடைகளுக்குக் கேமரா மாட்டியவன் அவன்தான். வந்தான், சுவரில் ஓட்டை போட்டான், கேமராவை மாட்டினான், காம்ப்ளெக்ஸ் வைஃபையில் இணைத்தான். அந்த வைஃபை எல்லாக் கடைக்கும் பொது. அதன் பாஸ்வேர்டை டீக்கடைக்காரர் வடை விலைக்குக் கீழே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். வடை தின்ன வந்தவன், பஸ்ஸுக்கு நின்றவன், எல்லாரும் அந்த வைஃபையில்தான் கிடப்பார்கள்.

"கேமராவுக்குத் தனி பாஸ்வேர்டு போட்டுக்கீறேன்க்கா. உன் போனத் தவிர எவனும் பாக்க முடியாது" என்றான் சிவசங்கர்.

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? ஒரு பெண் அளவு கொடுக்க வந்தால் பாரதி முதலில் போனை எடுத்து அந்தக் கேமராப் படத்தை மூடுவாள். "கண்ண மூடிட்டன், இப்ப முந்தானைய எடுடி" என்பாள். போனில் மூடினால் சுவரில் இருப்பதும் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது மூடாது என்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியவனுக்கு வாய் இல்லை.

ஆயுத பூஜைக்குத் தையல் மெஷின், கத்திரி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவுக்கும் வைத்தாள். கை தவறிக் குங்குமம் கண்ணாடி ஓரத்தில் அப்பிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் போனில் கடை தெரியும்போதெல்லாம் மேல்மூலையில் சிவப்பாக ஒரு பிசிறு தெரியும். துடைக்கச் சொன்னேன். "வச்ச பொட்ட அழிப்பாங்களாக்கா? கெடக்கட்டும்" என்றாள்.

தை மாதம் எழில்மதி கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். நைனார்பாளையத்தில் கூலி வேலைக்குப் போகும் காசியம்மாளின் ஒரே மகள். அப்பா இல்லாத பெண். திருநாவலூர் பக்கத்தில் சுப்புராயன் மகன் அய்யப்பனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பாரதி வழக்கம்போல் கண்ணை மூடினாள், அளவெடுத்தாள், பொண்ணைக் கேலி பண்ணி அனுப்பினாள்.

சில நாள் கழித்துக் காசியம்மாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அவள் நீட்டிய போனில் எழில்மதி முந்தானை இல்லாமல் நிற்கிற வீடியோ. அருகில் நிற்பவள் தெரியாதபடி நறுக்கி, ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. அந்தப் பெண் எவனுக்கோ வீடியோ காலில் இப்படி நின்றாள் என்று அவர்களே கதை கட்டிவிட்டார்கள்.

"நாளிக்கு வந்து கல்யாணம் வாணாம்னு சொல்லப் போறாங்களாம்மா. எம் பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்கறா" என்று காசியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாரதி வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். வசவு வரவில்லை. வீடியோவின் மேல்மூலையில் அந்தச் சிவப்புப் பிசிறு இருந்தது. அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள்.

பாரதி கூப்பிட்டதும் சிவசங்கர் வந்து, எவளோ போனை ஒளித்து வைத்து எடுத்திருப்பாள் என்று ஆரம்பித்தான். பாரதி பிசிறைக் காட்டினாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தான். பாஸ்வேர்டு கேமராவைத் திறப்பதற்கு மட்டும்தானாம். படம் கேமராவிலிருந்து வைஃபை வழியாகப் போகும்போது மூடி போடாமல் போகிறதாம். அதே வைஃபையில் இருக்கிறவன் சும்மா கிடைக்கும் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு, போகிற வழியிலேயே பிடித்துப் பார்க்கலாமாம்.

"மூடி போட வழியே இல்லியா?" என்றேன்.

"என்கிரிப்ஷன்னு ஒண்ணு இருக்குதுங்க. அத போட்டா படம் நின்னு நின்னு வருது, கஸ்டமர் கத்தறாங்க. அதான் எல்லா எடத்துலயும் ஆஃப் பண்ணிடறது."

"எல்லா எடம்னா?"

"கடைங்க... ஒரு ஆஸ்பத்திரி... பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல் ஒண்ணு..."

அடப்பாவி! படம் நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காக, ஊர்ப் பெண்களை எல்லாம் நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறான். சொல்லும்போது அவன் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. ஃபேனுக்கு ரெகுலேட்டர் சரியில்லை என்பதுபோல் சொன்னான்.

"இப்பவே சரி பண்ணிடறன். நீ மட்டும் வாயத் தொறக்காதக்கா. உன் கடைன்னு தெரிஞ்சா ஒருத்தி உள்ள காலு வெப்பாளா?"

அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவன் சொன்னது உண்மை. சொல்லாவிட்டால் எழில்மதி பேர் நாறும். சொன்னால் பாரதி கடை மூடும். பண்ணியவனுக்கு இரண்டிலும் ஒன்றும் ஆகாது.

பாரதி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கேமராவைக் கழற்றிப் பொட்டு கலையாமல் மஞ்சள்பையில் போட்டாள். "மொதல்ல அந்த ஹாஸ்டலுக்குப் போயி மூடிய போடு. நான் வந்து கேப்பன். அப்பறம் ஸ்டேஷனுக்கும் போவன்" என்றாள். இரண்டையும் பிறகு செய்தாள்.

மறுநாள் அவளும் நானும் நைனார்பாளையம் போனபோது காசியம்மாள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். சுப்புராயன் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சில் இருந்தார். பாரதி நேராகப் போய்க் கேமராவை அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு எவனுக்கும் காட்டலங்க. எங்கடையில எங்கிட்ட ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துக்கினு நின்னா. இந்தக் கேமராவுல வந்தத வழியில எவனோ திருடிட்டான். இதுல கீற பொட்ட பாருங்க, வீடியோவுல கீறத பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லியான்னு நீங்களே சொல்லுங்க."

தெருவே வாசலில் நின்று கேட்டது. அதில் பாதிப் பேர் அவளிடம் துணி தைப்பவர்கள். கேட்கட்டும் என்றுதான் அவளும் உரக்கச் சொன்னாள்.

அய்யப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வீடியோவை ஓட்டினான். அவன் மாமன் தன் போனை எடுத்து மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தான். சுப்புராயனும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடையதை எடுத்தார். மூன்று பேரும் போனையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சுப்புராயன் தொண்டையைச் செருமினார். "சரி. பொண்ணு மேல தப்பில்ல. பேசனது பேசனதாவே இருக்கட்டும். முகூர்த்தத்த மாத்த வாணாம்."

காசியம்மாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் எழில்மதி உள்ளேயிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அந்தப் போன்களைத்தான் பார்த்தாள்.

"எத்தினி போன்ல வச்சிக்கினு இருக்கீங்க?"

அய்யப்பன் போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"என்னத் தப்பானவள்னு நெனச்சிக்கினு வந்தீங்க. அப்பவும் அழிக்கல. இப்ப தப்பில்லன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இன்னும் கையில வச்சிக்கினு பெருசு பண்ணிப் பாக்கறீங்க."

"இல்ல எழிலு, ஆதாரத்துக்குத்தான்..." என்றான் அய்யப்பன்.

"உங்க மாமனுக்கு இன்னா ஆதாரம்? எல்லாரும் எங்கம்மா எதிர்ல அழிங்க. அழிச்சிட்டு கெளம்புங்க."

சுப்புராயன் எழுந்தார். "அப்ப கல்யாணம்?"

"கெளம்புங்கன்னு சொன்னன்."

பாரதி கையை நீட்டினாள். ஒவ்வொரு போனையும் வாங்கி, அழித்தது போய்விட்டதா என்று பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். காசியம்மாள் சுவரோரம் சரிந்து அழுதாள். பாரதிக்கும் கண் நிறைந்துவிட்டது. கேமராவைப் பையில் போடத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த ஜாக்கெட்டு தெச்சிட்டியா?" என்று கேட்டாள் எழில்மதி.

"கொக்கி மட்டும்தான்டி பாக்கி."

"வச்சிக் குடு. நான் போட்டுக்கினு சந்தைக்குப் போறன். பாக்கறவன் பாக்கட்டும்."