அவர் சொன்ன யெஸ்

ஈஸ்ட் ஹாமில் மாலைநேர ஆங்கில வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சீன நிதி அமைச்சின் அதிகாரி. பயிற்சிக்காக ஒரு வருடம் லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். கோட்டுக் கையில் தைத்திருந்த லேபிளை வெட்டாமலே போட்டுக்கொண்டு வருவார். தேயிலை மிதக்கும் ஜாம் போத்தல் ஒன்று எப்போதும் கூடவே வரும். அதில் ஒரு மிடறு குடிக்காமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டார்.

எங்கள் இருவருக்கும் ஒரே பிழை. "நேற்று வரவில்லையா?" என்று டீச்சர் கேட்டால், வராத நாங்கள் "யெஸ்" என்போம். தமிழில் "ஓம், வரேல்லை" என்கிறோமே, சீனத்திலும் அப்படித்தானாம். ஆங்கிலத்தில் அதற்கு "நோ" சொல்லவேண்டும்.

கடைசி வகுப்பில் டீச்சர் அவரிடம், "ஊருக்குத் திரும்ப விருப்பமில்லையா?" என்று கேட்டார். ஒரு மிடறு குடித்துவிட்டு "யெஸ்" என்றார். விருப்பம்தான் என்று எடுத்துக்கொண்ட டீச்சர் கைதட்டினார். எங்கள் வழக்கப்படி அது "ஓம், விருப்பமில்லை" என்றல்லவா அர்த்தம்.

பஸ் தரிப்பில் அவரிடம் கேட்டேன். "டீச்சருக்குப் பிழையா விளங்கிப்போச்சு. நான் திருத்திச் சொல்லட்டோ?"

போத்தல் மூடியை இறுக்கினார். "வேண்டாம். எங்கட ஒஃபிசுக்கும் அப்பிடியே விளங்கட்டும்."

பல வருடங்களுக்குப் பின் அவரை டிவி செய்தியில் கண்டேன். துணை அமைச்சராகியிருந்தார். "உங்கள் நாணயத்தின் மதிப்பைக் குறைக்கமாட்டீர்களா?" என்று ஒரு நிருபர் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு "யெஸ்" என்றார்.

"குறைக்கப் போயினமாம்" என்றாள் மனைவி.

இல்லை, குறைக்கமாட்டினம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்திருக்குமே.