சொட்டு அக்காவும் ஒரிஜினல் மையும்

என் கடைக்கும் சொட்டு அக்காவின் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அவளுடையது ஜெராக்ஸும் பிரிண்டும். என்னுடையது மூக்குக்கண்ணாடி. எதிரே அரசாங்க அலுவலகம் இருப்பதால் அவளுக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவள் இருப்பதால் எனக்கும் குறைவில்லை. அவள் கொடுத்த தாளை வாங்கியவர்கள் முதலில் முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார்கள், பிறகு கையை நீட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் கடைப் படியேறுவார்கள். எழுத்து அவ்வளவு வெளிறியிருக்கும். கோளாறு உங்கள் கண்ணில் இல்லை, பக்கத்துக் கடையில்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

என்னைவிடச் சின்னவள்தான். தெருவே அக்கா என்று கூப்பிட்டதில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. 'சொட்டு' என்ற பட்டம் மையால் வந்தது. பிரிண்டரை எந்நேரமும், மை குறைவாகச் செலவாகும் டிராஃப்டில்தான் வைத்திருப்பாள். தடித்த எழுத்தைக் கண்டால் கேட்காமலேயே மெல்லிய எழுத்தாக மாற்றிவிடுவாள். கறுப்பு அடித்த தலைப்புக் கட்டம் இருந்தால் அதை வெறும் கோடாக்கிவிடுவாள். யாராவது கலர் கேட்டால், "எதுக்குங்க கலர்? ஆபீசர் பாக்கப் போறது கையெழுத்தைத்தானே" என்பாள். மை தீர்ந்துவிட்டது என்று பிரிண்டர் விளக்கைச் சிமிட்டினால், "புளுகுது" என்று மை டப்பாவைக் கழற்றிக் குலுக்கி மறுபடியும் மாட்டுவாள். அது இன்னும் ஒரு கட்டுத் தாளுக்கு உழைக்கும்.

ராத்திரியில் பிரிண்டரை அணைக்கவும் மாட்டாள். அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அது வாய் கொப்பளிக்கும், கொப்பளித்துத் துப்புவதெல்லாம் மை. அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். வேலையில்லாத நாளிலும் நாலு நிறத்திலும் ஒரு சின்னக் கோடு போட்டு எடுப்பாள், மை காய்ந்து துவாரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. டப்பா உண்மையாகவே காலியானால் சிரிஞ்சில் மலிவான பாட்டில் மையை உறிஞ்சி அதற்கு ஊசி போடுவாள். ஊசி முனையில் தொங்கும் கடைசிச் சொட்டு உள்ளே விழும்வரை மூச்சு விடமாட்டாள். விரல் நுனிகள் எப்போதும் நீலமாகவே இருக்கும்.

"ஏம்மா, இவ்வளவு கஞ்சத்தனம் ஆகுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரு கஞ்சம்? பிரிண்டரைச் சும்மா குடுக்கற மாதிரி குடுத்துட்டு, ஆயுசுக்கும் மையில புடுங்கறானே கம்பெனிக்காரன், அவனைக் கேளுங்க. ஒரு செட் ஒரிஜினல் மை வாங்கற காசுக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கலாம். நான் என்ன அவனுக்கு வாழ்க்கைப்பட்டவளா?"

நியாயம்தான். மற்ற விஷயங்களில் அவள் கை தாராளம். டீ சொன்னால் எனக்கும் சேர்த்துத்தான் சொல்வாள். நான் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லை என்பதை அவளும் கண்டுகொண்டதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மத்தியானம் அக்கா கடையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவான், சாப்பிட்டுக்கொண்டே அவள் பிரிண்டுகளைக் கிண்டல் செய்வான். "அக்கா, இது தாளா, வெள்ளை வேட்டியா?" என்பான். போட்டோ எடுத்தால் மட்டும் ஓடி ஒளிந்துகொள்வான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விஷக்காய்ச்சலில், ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள் போய்விட்டான்.

அவன் நேராகப் பார்த்துச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூட வேலை பார்த்த பையனின் போனில் அகப்பட்டது. அதை வாங்கி, கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சொட்டு அக்கா தன் கையாலேயே பெரிதாகப் பிரிண்ட் போட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மை கிய்யின்னு பாக்காம நல்லா போடும்மா" என்றார். அவளும் பார்க்கவில்லை. டிராஃப்டை எடுத்துவிட்டு, நல்ல தாள் வைத்து, அழுத்தமாகத்தான் போட்டாள். ஆனால் மிஷினுக்குள் இருந்தது பாட்டில் மை. அன்றைக்கு அது யாருக்கு ஞாபகம் வரும்? பிரேம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினாள். அம்மா பெரிய மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

பின்மத்தியான வெயில் நேராக விழும் சுவர் அது. பாட்டில் மைக்கு வெயில் ஆகாது, அதிலும் சிவப்பு முதலில் ஓடிவிடும். தம்பியின் முகம் மெல்ல மெல்லப் பச்சையடித்து வெளுத்ததை நான் என் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல நாக்கு வரவில்லை. தினமும் துடைத்து வைக்கிறவளுக்கோ அது தெரியவேயில்லை. அவளுக்கு நேற்றுப் பார்த்த மாதிரியேதான் இன்றும் இருந்தான்.

போன மாதம் ஒரு காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அண்ணா, அம்மா எங்கூடவே இருக்க வர்றாங்க. அடுத்த வாரம். தம்பி படத்தை வீட்டுல மாட்டி வைக்கச் சொன்னாங்க. கண்ணு முழிச்சா அவன் முகத்துலதான் முழிக்கணுமாம்."

வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைக்கலாம் என்று பிரேமைக் கழற்றினாள். துடைக்கும் சத்தம் பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். படத்தின் நாலு ஓரத்திலும், பிரேமின் சட்டம் மறைத்திருந்த விரல்கடை அகலத்துக்கு, நிறம் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. ஒரு மூலையில் சட்டைக் கை நல்ல செங்கல் நிறத்தில் தெரிந்தது. அதை ஒட்டி உள்ளே அதே சட்டை, பாசி பிடித்த மாதிரி. நடுவில் அவன்.

"அண்ணா, இவனை என்ன பண்ணி வச்சிருக்கேன் பாருங்க" என்றாள்.

வெயில் செய்த வேலைக்கு நீ என்ன பண்ணுவாய் என்று ஏதோ சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த மூலப்படம், ஒரு மழைநாளில் மின்னல் இறங்கி அந்தக் கம்ப்யூட்டர் கருகியபோதே போய்விட்டது. தம்பியோடு வேலை பார்த்த அந்தப் பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். போனை மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது, பழையதில் இருந்தது எதுவும் இல்லை என்றான். மிச்சம் இருந்தது அடையாள அட்டைப் படம். எல்லோருடைய அட்டையையும் போல அதிலும் அவன் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தான். "இது அவனே இல்ல" என்று உள்ளே வைத்துவிட்டாள்.

வெளுத்த படத்தையே ஸ்கேன் செய்து, நிறத்தைத் திரும்ப ஏற்ற உட்கார்ந்தாள். கடையில் கூட்டம் நின்றது. "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவள் சொல்கிற பேச்சா அது? ஓரத்துச் சட்டைக் கையை வைத்துச் சிவப்பைக் கூட்டினாள். சட்டை சரியாக வந்தது, முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. குறைத்தால் மறுபடியும் பச்சை. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினால் நல்ல சிவப்பான யாரோ ஒரு மாப்பிள்ளை சிரித்தான்.

"அவன் நிறம் எனக்கே ஞாபகம் இல்லண்ணா" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு வருஷமா இந்த வெளுத்த மூஞ்சியையே பாத்துட்டு இருந்திருக்கேன். இப்ப நெனச்சா இதுதான் வருது. கூடப் பொறந்தவன் நிறம் தெரியாம ஒருத்தி இருப்பாளா?"

எனக்கும் ஞாபகம் இல்லை. நான் மனிதர்களைப் பார்ப்பதே மூக்குக்கு மேலேதான். அப்படித்தான் திரையில் அவன் போட்டிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. என் கடைச் சரக்கு. யாரும் வாங்காமல் தேங்கிக் கிடந்த ஒரு காப்பிக்கொட்டை நிறக் கண்ணாடி பிரேமை, உனக்கென்றே செய்தது என்று புகழ்ந்து அவன் தலையில் கட்டியிருந்தேன். அதே ரகத்தில் இன்னும் ஒன்றிரண்டு கீழ் இழுப்பறையில் இருக்க வேண்டும். ஓடிப்போய்க் குடைந்து எடுத்து வந்தேன்.

"இந்தா, இதைத் திரைகிட்டப் பிடி. முகத்தை விடு. அவன் கண்ணாடி பிரேம் இந்த நிறத்துக்கு வர்றவரைக்கும் மாத்து."

பிடித்தாள். ஒரு கையில் பிரேம், ஒரு கையில் மவுஸ். காலையில் ஆரம்பித்தது, வெயில் சுவரை விட்டு இறங்கும்வரை நடந்தது. திரையில் பிரேம் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வர, அதன் பின்னாலேயே கன்னமும் நெற்றியும் கறுத்துக்கொண்டு வந்தன. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இவ்வளவு கறுப்பாவா இருந்தான்?"

"பிரேம் சரியா இருக்கு" என்றேன். நான் சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் கடை திறக்கவில்லை. பஸ் ஏறிப்போய் ஒரிஜினல் மை ஒரு முழு செட்டும், வெயில் தாங்கும் போட்டோத் தாளும் வாங்கி வந்தாள். விலையை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே தங்கியிருந்த பழைய மை முழுக்கப் போகவேண்டும் என்று பிரிண்டரைக் கொப்பளிக்க விட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. அந்தச் சத்தத்துக்கு அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நான்தான் போகிற மைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

படம் அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தது. எடுத்துக் காயவைத்தாள். நல்ல அழுத்தமான படம். ஆனாலும் அவளுக்கு நிம்மதி இல்லை. பிரேமில் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "அம்மா பாத்துட்டு, இது யாருடின்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று என்னைக் கேட்டாள். நான் அந்தக் காப்பிக்கொட்டை நிற பிரேமை எடுத்துப் படத்தின் பக்கத்தில் இன்னொரு தடவை வைத்துக் காட்டினேன்.

அம்மா வந்த அன்று நேரே கடைக்குத்தான் வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள், "எங்கே அவன்?" என்றார். சொட்டு அக்கா படத்தை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, தீர்ப்புக்கு நிற்பவள் போல ஒதுங்கி நின்றாள். நானும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு படத்தின் கண்ணாடிக்கு மேலேயே ஒரு விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினார்.

"எப்படிக் கறுத்துப் போயிருக்கான் பாரு" என்றார். "வெயில்ல சுத்தாதடா, தலையில ஒரு துணியாவது கட்டிக்கோடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு நாளாவது கேட்டானா?"

"கேக்கவே இல்லம்மா" என்றாள் சொட்டு அக்கா.