சிரிக்கச் சொன்னார், நாக்கை நீட்டினேன்

மைசூருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும், பயம் வந்தால் எனக்குக் கன்னடம் மறந்துவிடும். அன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது. "வாய் ஒரு பக்கமாப் போகுதுங்க," என்றாள் மனைவி.

என் அப்பா பக்கவாதத்தில் படுத்தவர். ஊசி போட்டதில் வாய் கொஞ்ச நேரம் மரத்துப்போகும் என்று பல் டாக்டர் சொன்னதெல்லாம் மறந்து, ஆட்டோ பிடித்து எங்கள் டாக்டரிடம் ஓடினேன். வழியெல்லாம் மனைவியிடம் உயில் சொன்னேன். சொத்து ஒரு ஸ்கூட்டர்தான்.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். பிறகு "ஸ்வல்ப நகி" என்றார். கொஞ்சம் சிரியுங்கள் என்று அர்த்தம். என் காதில் 'நக்கு' என்று விழுந்தது. உதட்டை நன்றாக நக்கிக் காட்டினேன்.

அவர் சிரித்து முடித்து, "பல் ஊசிதான் சார். ஆனா அப்பாவுக்கு வந்திருக்கு, நீங்க சிகரெட்டும் பிடிக்கிறீங்க. பி.பி. பாத்துடலாம்," என்றார். எகிறியிருந்தது. பயம் தெளிந்து மறுவாரம் போனபோதும் இறங்கவில்லை.

இப்போது சிகரெட் இல்லை, மாத்திரை தவறுவதில்லை, பி.பி. அடங்கியிருக்கிறது. ஆபீசில் நாற்பது தாண்டியவர்களையெல்லாம் நானே இழுத்துப்போய்ப் பரிசோதிக்க வைக்கிறேன். மூன்று பேருக்கு பி.பி. இருப்பது என்னால்தான் தெரிந்தது. என்னைத் திட்டிக்கொண்டே தினமும் மாத்திரை போடுகிறார்கள்.