இருபத்தெட்டு அங்குல வாசல்

கழுத்தில் தொங்கும் டேப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் பிடித்து ஓர் இழுப்பு. தளர விட்டு மறுபடியும் ஓர் இழுப்பு. டேப் அக்கா கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் "இருங்க" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகக் கிடைக்கும். துணி கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர், வாடகை கேட்க வந்தவர் யாராக இருந்தாலும் அந்த ஒரே மரியாதைதான்.

சாதாரணமாக மூன்று இழுப்பில் அவருக்கு விடை கிடைத்துவிடும். இந்த ஒரு மாதமாக ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருக்கிறது. காரணம், வீட்டுக் குளியலறையை மாற்றிக் கட்டப் போகிறார்.

முன்னறைதான் தையற்கடை. இருபத்திரண்டு வருடமாக ஒரே இயந்திரம், ஒரே வெட்டு மேசை, ஒரே டேப். டேப்பின் எண்கள் பாதி அழிந்துவிட்டன. "எனக்குத் தெரியும்ல, அது போதும்" என்பார். வீடு கட்டுவதும் சட்டை தைப்பதும் அவருக்கு ஒன்றுதான். "அளவு எடு, கோடு போடு, அப்புறம் கத்திரிய எடு. ஊர்ல பாதிப் பேரு முதல்ல கத்திரிய எடுத்துட்டு அப்புறம் உக்காந்து அழறான்."

கத்திரியை எடுக்க வேண்டி வந்தது அவர் கணவரால்தான். முப்பது வருடம் சரக்கு வேன் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு வாரம் நான்கு கால் வாக்கர்தான் துணை. வாக்கர் உள்ளே நுழையக் குளியலறை வாசல் இருபத்தெட்டு அங்குலமாவது இருக்க வேண்டும் என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லிவிட்டார். "இல்லேன்னா கட்டில் பக்கத்துலயே எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணிடுங்க, வீட்டுக்காரம்மா பாத்துப்பாங்க" என்று அன்பாகத்தான் சொன்னார். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது வேன்காரர் சொன்னார்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கதவ நானே சாத்திக்கணும்."

அன்று ராத்திரியே டேப் அக்கா வாசலை அளந்தார். இருபத்தேழேகால். முக்கால் அங்குலம் குறைந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

முக்கால் அங்குலத்துக்காகச் சுவரை உடைத்து, நிலையைப் பெயர்த்து, புதுக் கதவு போட வேண்டும். இயந்திரத்துக்கு மேலே வரிசையாக ஆணி அடித்து, வெட்டுத் துணியில் தைத்த சுருக்குப் பைகளை மாட்டியிருக்கிறார். கூலிக்கு நீலப் பை, குழாய்க்குப் பச்சைப் பை, உட்காரும் இருக்கைக்குக் கோடு போட்ட பை, சுவரில் பதிக்கும் கைப்பிடிக்குப் பூப்போட்ட பை. சேர்த்த பணம் அத்தனையும் அவற்றில்தான். கதவுக்கான பை மட்டும் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டுப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி தொங்குகிறது. அதற்காக மெலிந்தது வெந்நீர்க் குழாய்க்கு என்று தைத்த மஞ்சள் பை. நாள் முழுக்கக் குனிந்து தைத்த தோளுக்குக் குழாயைத் திருகினால் வெந்நீர் வர வேண்டும் என்பது அக்காவின் பல வருட ஆசை. அடுப்பிலிருந்து குண்டான் தூக்கி அலுத்துப்போன ஆசை அது. மஞ்சள் பையைத் தட்டையாக மடித்து ஊசி குத்திவைத்துவிட்டார். வருத்தம் இருந்தது.

கடைசி ஆணியில் இன்னொரு சின்னப் பை. அது எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். "சட்டைக்குள்ள கொஞ்சம் துணி பிடிச்சு வைப்போம்ல, உடம்பு போட்டா பிரிச்சு விட? அது இது. வீடும் உடம்பு போடும்."

டைல்ஸ் கடைக்கு இவர் போன கதையை அந்தக் கடைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரை எடுத்து, காட்டிய டைல்ஸில் எல்லாம் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக ஏறி நின்று பார்த்தாராம். கடைக்காரர் பதறினார். "வழுக்குதான்னு பாக்க வேணாமா? எங்க வீட்டுக்காரர் என்ன கண்ணாலயா மிதிக்கப் போறார்?" ஒன்பதாவது டைல்ஸில்தான் அவர் கால் நம்பிக்கையோடு நின்றது. அது விலை குறைவானதாக இருந்ததில் கடைக்காரருக்குத்தான் வருத்தம்.

எல்லாவற்றையும்விட விசேஷம் கூடத்தில்தான். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் குளியலறையை முழு அளவில் தரையில் வரைந்துவிட்டார். இங்கே குழாய், இங்கே கைப்பிடி, இங்கே வாசல். இருக்கை வரும் இடத்தில் ஒரு முக்காலி. வந்துபோகிறவர்கள் கோட்டைத் தாண்டினால் போச்சு. "சுவர் மேல நடக்காதீங்க! அந்தா இருக்கு வாசல், அது வழியா வாங்க." வேன்காரர் மட்டும் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "என்னங்க, ஒரு தடவ உக்காந்து பாருங்க. கைப்பிடி எட்டுதான்னு தெரியணும்ல?" "கோட்டுக்குள்ள போய் உக்கார நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார். சுவரை உடைத்தும் வாசல் கூடிவராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

நேற்றுக் காலை கொத்தனார் மேஸ்திரி சுவரைப் பார்க்க வந்தார். இடுப்பிலிருந்த இரும்பு டேப்பை வாசலில் பிடித்தவர், திரும்ப ஒரு தடவை பிடித்தார்.

"அக்கா, இது இருபத்தெட்டு இருக்கே. எதுக்கு உடைக்கணும்?"

"மேஸ்திரி, முதல்ல டேப்ப மாத்துங்க."

"இரும்பு டேப்புக்கா. பொய் சொல்லாது."

"என் டேப் மட்டும் சொல்லுமா?"

இரண்டையும் வெட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒற்றுமையாகத்தான் போயின. துணி டேப்பின் அறுபது முடியும் இடத்தில் இரும்பு டேப் அறுபத்தொன்றரையைத் தாண்டிக் காட்டியது. இருபத்திரண்டு வருடம் யோசித்து யோசித்து இழுத்ததில் டேப் நீண்டு, எதை அளந்தாலும் குறைத்துக் காட்டியிருக்கிறது. ஆளை அளந்ததும் துணியை வெட்டியதும் அதே டேப் என்பதால் ஒரு சட்டைகூடத் தப்பாகிப் போகவில்லை.

டேப் அக்காவின் நினைப்பில் வந்து நின்றது தெருமுனைத் துணிக்கடைக்காரர். கடையில் வாங்கிவரும் துணி இவர் அளந்தால் எப்போதும் கொஞ்சம் குறையும். "அந்தாளு கை வச்சிட்டான்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

"டைல்ஸும் அப்ப ஒரு பெட்டி குறையும்கா" என்றார் மேஸ்திரி, மெதுவாக.

"அதுக்குத்தான் உள்ள பிடிச்சு வச்சிருக்கேன்" என்று கடைசி ஆணியைக் காட்டினார் அக்கா. "கதவுப் பைய அவுத்துடலாம். நாளைக்கு அந்தத் துணிக்கடைக்காரர்ட்டப் போய் ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசிட்டு வரணும்." மஞ்சள் பையில் குத்தியிருந்த ஊசியை உருவித் தன் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டார்.

பின்னால் செய்தித்தாள் மடிபடும் சத்தம் கேட்டது. வேன்காரர் எழுந்திருந்தார். சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு நடந்தார். சாக்கட்டிக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாகவே நுழைந்து, முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கைப்பிடி வரப்போகும் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, இல்லாத கதவைக் கையால் இழுத்துச் சாத்தினார்.

மேஸ்திரி குழாய்க்கு அளவெடுக்க டேப்போடு கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்க மேஸ்திரி. உள்ள ஆள் இருக்கு."

சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.