ஃபரியாவின் பெயரை எடுத்தவள்

நடாலிக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது முப்பத்துநான்கு வயதில். ஊரடங்கு காலம். அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அவளும், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா கிரிகரியும் மட்டும். இரண்டு பேரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், பேச எதுவும் இருக்காது. அப்போதுதான் யாரோ அனுப்பிய காணொளியில் ஒரு கொரியப் பையன் பாடினான். ஒரு சொல்லும் புரியவில்லை. பாட்டு முடிந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. அம்மாவின் அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை.

அவனை ரசிகைகள் ஹான் என்பார்கள். ஹானுக்காகப் பல நாட்டுப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த குழுவில் நடாலி சேர்ந்தாள், கொஞ்ச நாளில் அதை நடத்துபவளே ஆனாள். எந்த விருதுக்கு எப்போது ஓட்டுப் போடுவது, பிறந்தநாளை எந்தக் கடையில் கொண்டாடுவது, எல்லாம் அவள் சொன்னபடி. வேலையிடத்தில் அவள் வெறும் மேடம். சொந்தக்காரர்களுக்குக் கல்யாணம் ஆகாத பிள்ளை. குழுவில் மட்டும்தான் அவள் தலைவி. காலையில் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிளாங் வரும்வரை போனை விட்டுத் தலை நிமிர மாட்டாள்.

கிளாங்கில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சரக்குக் கிடங்கில் அவளுக்கு வேலை. எந்தக் கண்டெய்னரை எப்போது இறக்குவது, எந்த லோரி எப்போது கிளம்புவது என்று மாடி ஆபீஸிலிருந்து சொல்வாள். கீழே சுமை இறக்குகிறவர்கள் எல்லாம் பங்களாதேஷ்காரர்கள். அவர்களை மேய்ப்பது சூப்பர்வைசர் திருச்செல்வம்.

குழுவில் அவளுக்கு மிக நெருக்கமானவள் ஃபரியா. டாக்காவில் மீர்ப்பூர் என்ற பகுதியில் இருந்தாள். படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். ஹானை அவள் வரைந்தால் படம் நம்மைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும். ஒரு காசு வாங்கியதில்லை. நடாலியை ‘ஆபு’ என்று கூப்பிடுவாள். வங்காளத்தில் அக்கா. பால்கனியில் தூங்கும் பூனையின் படத்தை அனுப்புவாள், காலேஜில் படிக்கும் தம்பி தன்வீர் செய்த குறும்பைச் சொல்லிச் சிரிப்பாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத நடாலிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது.

2024 ஜூலை. மாதக் கடைசியில் ஹானின் பிறந்தநாள். சுபாங் ஜெயாவில் ஒரு காப்பிக் கடையை ஒரு நாளுக்குப் பிடித்திருந்தாள் நடாலி. வாசலில் பெரிய பேனர், காப்பிக் கப்பைச் சுற்றிப் போட அவன் படம் போட்ட அட்டை. எல்லாம் ஃபரியாவின் கைவேலை. மாதிரிப் படங்கள் வந்துவிட்டன. கடைசிப் படத்தை வியாழக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அனுப்பிய செய்தி எதையும் அவள் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை கிரிகரி டிவியை அணைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தார். “டாக்காவுல காலேஜ் பிள்ளைங்கள சுடுறாங்களாம்மா. இன்னிக்கு அந்தப் பிள்ளைங்களுக்காகச் சொல்லுவோம்” என்றார். நடாலி பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னாள். அவள் கட்டைவிரல் போனில் பதில் வந்திருக்கிறதா என்று தேய்த்துக்கொண்டே இருந்தது. காதில் விழுந்த ஊர்ப்பெயர் மனதில் விழவில்லை.

சனிக்கிழமை காலை அச்சுக்காரன் படம் கேட்டான். கோபத்தில் அவள் குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினாள். ‘சிலருக்குப் பாராட்டு வேண்டும், பொறுப்பு வேண்டாம். நம்ப வைத்து நடு வழியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இங்கே இடமில்லை.’ பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. கீழே வரிசையாகக் கைதட்டல். அந்தச் சூட்டோடு ஃபரியாவைக் குழுவிலிருந்து நீக்கினாள். மாதிரிப் படத்தையே அச்சுக்குக் கொடுத்தாள். அதன் ஓரத்தில் இருந்த ஃபரியாவின் பெயரை எடுக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை பேனரைப் பார்க்க அவள் சீக்கிரம் கிளம்பவேண்டும். கண்டெய்னர் நகரவில்லை. கீழே இறங்கிப் போனாள்.

“என்னாண்ணே, இன்னும் முடியலையா?”

“பசங்களுக்கு மனசு சரியில்லம்மா,” என்றார் திருச்செல்வம். “ஊருக்கு லைனே கிடைக்க மாட்டேங்குது. கொஞ்சம் விட்டுப் பிடிப்போம் லா.”

“எல்லாரும் போனப் பிடிச்சிக்கிட்டு நின்னா லோரிக்காரன் என்னைத்தான் ஏசுவான். வேலை நேரத்துல போன் லாக்கர்ல இருக்கணும், அதான ரூல்?”

“ரூல் இருக்கு. யாரு பாக்கறா?”

“இனிமே பாப்போம்ணே.”

அதைச் சொல்லும்போது அவள் கையில் போன் இருந்தது. திருச்செல்வம் அதைப் பார்த்தார். ஆட்களைக் கூப்பிட்டுப் போன்களை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆபீஸுக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம். உட்காரவும் இல்லை.

“ஜஹாங்கீர் தெரியும்ல? உயரமா, தாடி வச்சிருப்பான். அவன் சம்சாரம் கூப்பிட்டிருக்கு. இத்தனை நாளா கிடைக்காத லைன், எப்படியோ இன்னிக்கு ஒரு தடவை கிடைச்சிருக்கு. போன் லாக்கருக்குள்ள கிடந்துச்சு. இப்ப இவன் திருப்பி அடிச்சா போக மாட்டேங்குது.”

“வாட்ஸ்அப்ல கூப்பிடச் சொல்லுங்களேண்ணே.”

“நெட்டு எங்கம்மா இருக்கு? வியாழக்கிழமையிலேர்ந்து நாட்டுக்கே வெட்டிட்டாங்க. டாக்கா பூரா சண்டை. பேப்பர்ல, டிவியில எல்லாம் அதான ஓடுது, நீங்க பாக்கலையா?”

வியாழக்கிழமை. ஃபரியா படம் அனுப்புவதாகச் சொன்ன நாள். நடாலி கணினித் திரையைப் பார்த்தாள். திருச்செல்வம் இறங்கிப் போனார்.

ஃபரியா டாக்காவில் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவள் மனதில் இரண்டு பங்களாதேஷ் இருந்தன. ஒன்று பூனையும் பால்கனியும் ஹானும் உள்ள ஊர். இன்னொன்று கீழே வியர்வையோடு மூட்டை இறக்குகிறவர்கள் விட்டு வந்த ஊர். இரண்டும் ஒரே மண் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நான்கு வருடமாக ஃபரியாவோடு பேசியும், கீழே இருந்த ஒருவனிடம்கூட நீ எந்த ஊர் என்று அவள் கேட்டதில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஜஹாங்கீர் அடுக்கிய மரப்பலகைகள் மேல் உட்கார்ந்து ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

அப்போதே இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. திருச்செல்வத்துக்கு, ‘போன் வைத்திருக்கட்டும் அண்ணே’ என்று ஒரு வரி அனுப்பினாள். மாலையில் கிடங்கைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வெளியேறினாள். ரயிலில், குழுவில் தான் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்தாள். ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, ‘விடுங்க, முடிஞ்ச விஷயம்’ என்றாள். பேனரில் பெயரைத் திரும்பப் போட அச்சுக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் யார் பெயர், ஏன் எடுத்தீர்கள் என்று குழுவுக்குச் சொல்லவேண்டி வரும். கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க அப்பா செய்தி பார்க்கும்போது சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.

சனிக்கிழமை காப்பிக் கடை நிரம்பி வழிந்தது. அம்பாங்கிலிருந்து வந்த கௌசலா என்ற பெண் பேனர் முன்னாலிருந்து நகரவே இல்லை. “நடாலிக்கா, யாரு வரைஞ்சது இது? கண்ணு பாருங்களேன், பேசற மாதிரியே இருக்கு.”

“நம்ம டீம்தான்” என்றாள் நடாலி.

கல்லாப் பக்கம் திரும்பும்போது போனில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ஃபரியா.

‘ஆபு, மன்னித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை அனுப்புவதாகச் சொல்லி அனுப்ப முடியவில்லை. இங்கே இணையம் இல்லை. இப்போதும் மின்னஞ்சல் மட்டும்தான் போகிறது, குழுவுக்கு வர முடியவில்லை. தன்வீரின் கண்ணில் போலீஸ் சுட்ட ரவை பட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் படத்தை முடித்தேன், இதோடு வைத்திருக்கிறேன். தாமதம்தான், இனிமேல் உதவாது என்று தெரியும். சொல்லிவிட்டோமே என்று அனுப்புகிறேன். பேனரில் என் பெயர் இருக்கும் இல்லையா? ஒரு போட்டோ அனுப்புங்கள். அம்மாவுக்குக் காட்டவேண்டும், அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.’

தன்னை நீக்கியது ஃபரியாவுக்கு இன்னும் தெரியாது. மாதிரிப் படத்தில் பெயரைச் சேர்த்து ஒரு போட்டோ அனுப்பிவிடலாம், அவளைத் திரும்பக் குழுவில் சேர்த்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நடாலிக்குத் தோன்றியது. தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கௌசலாவிடம் திரும்பி வந்தாள்.

“டீம் இல்ல. ஃபரியான்னு டாக்காவுல ஒரு பிள்ளை வரைஞ்சது. பேரை நான்தான் எடுத்தேன். அங்க நெட் இல்லாம தவிச்சிக்கிட்டிருந்திருக்கு. ஏமாத்திடுச்சுன்னு நான் எழுதிட்டேன்.”

பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌசலா, “அப்படியாக்கா” என்றாள். யாரோ பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்கள். திட்டியிருந்தால் நடாலிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். யாரும் திட்டவில்லை. கைதட்டியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

கடை வாசலில் நின்று ஃபரியாவுக்கு எழுதினாள். எழுதியது, நீக்கியது, பெயரை எடுத்தது, அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தது, ஒன்றையும் விடவில்லை. அதே வரிகளைக் குழுவிலும் போட்டாள். மூன்று நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘நடாலி, நீங்கள் எழுதியதை மற்றவர்களும் படித்தார்களா?’ அவ்வளவுதான். ஆபு இல்லை. ஆமாம் என்று நடாலி எழுதவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

அதற்கு முன்பே, திங்கட்கிழமை, அவள் கீழே இறங்கிப் போயிருந்தாள். ஜஹாங்கீர் அட்டைப்பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தான். ஒன்பது வருடம் இங்கே இருந்ததில் அவனுக்குத் தமிழ் ஓரளவு வரும்.

“ஜஹாங்கீர், அன்னிக்குப் போனை லாக்கர்ல வைக்கச் சொன்னது திருச்செல்வம் அண்ணன் இல்ல. நான்.”

“தெரியும் அக்கா,” என்றான். கை நிற்கவில்லை.

“வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?”

“நல்லா இருக்கு. நேத்து பேசினேன். மகள் மட்டும் கேக்குது, அப்பா அன்னிக்கு ஏன் எடுக்கலன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“போன் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்.”

அவளுக்காக ஒருவன் தன் மகளிடம் பொய் சொல்லியிருக்கிறான். மன்னிப்புக் கேட்க அவள் நிறைய வார்த்தைகள் எடுத்து வந்திருந்தாள். கடைசியில் “சாரி” என்று மட்டும் வந்தது. “தா ஆப்பா” என்றான் அவன், பரவாயில்லை என்று மலாயில். ஆபீஸ்காரர்கள் எதைச் சொன்னாலும் அவன் சொல்கிற அதே பதில்.

நடாலி குழுவின் பொறுப்பை வேறொருத்தியிடம் கொடுத்தாள். ஹானின் பாட்டை விடவில்லை. விட்டால் ஏதோ பிராயச்சித்தம் செய்ததுபோல ஆகிவிடும், அதற்கும் வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் ஃபரியாவிடமிருந்து இரண்டு வரி வந்தது. தன்வீருக்கு ஒரு கண் திரும்பவில்லை, தனக்கு ஒரு துணிக் கம்பெனியில் வரைகிற வேலை கிடைத்திருக்கிறது என்று. நடாலி பதில் எழுதினாள். நீளமாக எழுதி, பாதியை அழித்து, தன்வீரைப் பற்றிக் கேட்டது மட்டும் இருக்க அனுப்பினாள்.

அந்த வருடம் செப்டம்பரில் நேப்பாளத்தில் கலவரம் என்று டிவியில் வந்தது. கிரிகரி ஒலியைக் கூட்டினார். நடாலி சமையலறைக்குப் போகவில்லை. செய்தி முடியும்வரை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குழுவைத் திறந்தாள். ‘நேப்பாளத்தில் யாராவது இருக்கிறீர்களா? பத்திரமா?’ என்று எழுதினாள். தலைமையை விட்ட பிறகு அவள் எழுதிய முதல் வரி அது. இதைக் கேட்க உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்பார்கள் என எதிர்பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போகராவிலிருந்து ஒரு பெண், வீட்டுக்குள் இருக்கிறோம் அக்கா என்று பதில் போட்டாள். நடாலி அவள் பெயரைக் கேட்டாள்.